காணாமல் போன எட்டு சதவீதம்

நவம்பர் 4, திங்கள்

காலை ஆறரைக்குக் காரில் ஏறினேன். உள்ளே கதகதப்பாக இருந்தது, ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறிய சூடு போல. ஆனால் திரையில் தொண்ணூற்றிரண்டு. நேற்று சாப்பிட்டு முடித்துப் போய்ப் பார்த்தபோது முழு நூறு. எட்டு சதவீதம் எங்கே போனது? வயரைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்தது. என் கணவர் வேலைதான். வேறு யார்?

தையல்காரம்மா வீட்டுக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். பக்கவாதத்தில் விழுந்த அவர் இடது காலை நடக்க வைக்கும் பிசியோதெரபி வேலைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். செப்டம்பரில் போய்த் திரும்பினால் முப்பத்தாறு மிச்சம் இருக்கும். இன்று பதினைந்து. அதே சாலை, அதே கார், அதே நான். குளிர் மட்டும்தான் புதிது. குளிருக்கும் பேட்டரிக்கும் என்ன சண்டை?

இவரோடு பேசி ஏழு நாள் ஆகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

எழுதி வைத்தால் கோபம் தீருமா பார்ப்போம். பழைய பெட்ரோல் காரை விற்று இதை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் இவரிடம் சொன்னேன். அப்போது முறைத்ததோடு சரி, போன வாரம்தான் வெடித்தது. "ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலல்ல?" என்றார். "என் வேலைக்கு என் கார்" என்றேன். அதோடு சரி. அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறார். காலையில் நான் கிளம்பும்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடக்கிறார்.

இருபது வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். பிளக்கைப் பிடுங்காமல் டோஸ்டரைத் துடைக்கக்கூட விடமாட்டார். கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு ஷாக் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். சரி, அதற்காக என் காரின் வயரைக் கழற்றுவானேன்? பிடிக்காத கார், அதனால் பட்டினி போடுகிறாரா? அவ்வளவு சின்னப் புத்தியா இவருக்கு? தெரியவில்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

ஓட்டிக்கொண்டு எங்கேயாவது போகிறாரோ என்று கிலோமீட்டரைக் குறித்து வைத்தேன். ஒன்றுகூட நகரவில்லை. சார்ஜ் மட்டும் தொண்ணூற்றிரண்டு. நின்ற இடத்திலேயே நிற்கும் கார் எட்டு சதவீதத்தை எங்கே செலவழிக்கிறது?

நவம்பர் 8, வெள்ளி

உள்ளூர் நோயாளிகள் மட்டும். ஒன்பதரைக்குத்தான் கிளம்பினேன். இன்று தொண்ணூற்றொன்று. ஒன்றும் புரியவில்லை.

நவம்பர் 14, வியாழன்

வரும்போது ஆறு சதவீதம். ஆறு! கடைசி ஏற்றத்தில் லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போயின. நடுவழியில் நின்றுவிட்டால் இவரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? அதை நினைத்தே அழுகை வந்தது.

தையல்காரம்மாவிடம் புலம்பிவிட்டேன். "எதுக்கும்மா இந்த அலைச்சல்? மாடி ரூம் சும்மாதான கெடக்கு, வந்துரு. இங்க ஆஸ்பத்திரியிலயும் உன்ன மாதிரி ஆள் தேடுறாங்க. இன்னொருத்தர் ரூமக் கேட்டிருக்காரு. இருபத்தஞ்சுக்குள்ள சொல்லிடு" என்றார்.

நல்ல அறை. ஜன்னல் பக்கம் வெயில் விழுகிறது. காருக்காகத்தான் யோசிக்கிறேன். காருக்காக மட்டும்தானா? சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டு எத்தனை நாள் ஓட்டுவது?

நவம்பர் 18, திங்கள்

வழி முழுக்க ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டினேன். வழக்கத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக மிஞ்சியது உண்மைதான். ஆனால் குளிரில் என் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும், எப்போதும் உள்ள தொல்லை. தையல்காரம்மாவின் முழங்காலைத் தொட்டதும், "ஐயையோ, இது கையா ஐஸ் கட்டியா! வர்ற கால் உணர்ச்சியும் ஓடிப் போயிடும்" என்று கத்தினார். பத்து நிமிஷம் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் நோயாளி, யார் வைத்தியம் பார்க்க வந்தவள்?

நவம்பர் 19, செவ்வாய்

வொர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் பெண் பேட்டரியைச் சோதித்துவிட்டு, "வண்டி நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றாள்.

"அப்ப ஏன் இப்படிக் குடிக்குது?"

"பெட்ரோல் வண்டியில இன்ஜின் கொதிச்சு வீணாப் போற சூட்டத்தான் உள்ள திருப்பி விடுறோம். இதுல வீணாப் போற சூடு ரொம்பக் கம்மி. அதனால ஹீட்டருக்கும் பேட்டரியிலேருந்துதான் எடுக்கணும். அதோட குளிர்ல பேட்டரியே சோம்பேறியாயிடும், இருக்குறத முழுசாக் குடுக்காது. பிரேக் புடிக்கிறப்ப திரும்பி வர்ற கரண்டையும் சரியா வாங்கிக்காது."

நிற்கும்போதே குறையும் எட்டைப் பற்றிக் கேட்டேன். யோசித்தாள். "சும்மா நிக்கிற வண்டி இவ்ளோ சாப்பிடாதே. காலைல யாராச்சும் ஹீட்டர் போடுறாங்களா?"

"வீட்ல ரெண்டு பேர்தான். அவர் இந்தக் காரத் தொடக்கூட மாட்டார்."

"எப்படியோ, ஒண்ணு செய்யுங்க. கிளம்புறதுக்கு அரை மணி முன்னால, வயர் மாட்டியிருக்கும்போதே ஹீட்டரப் போடுங்க. அப்ப சூடு சுவத்துக் கரண்ட்லேருந்து வந்துடும். பேட்டரியத் தொடாது."

வயர் மாட்டியிருந்தால்தானே.

நவம்பர் 21, வியாழன்



ஹீட்டர் போடலாம் என்று ஐந்தரைக்கே எழுந்தேன். ஹாலில் போர்வை மட்டும் கிடந்தது. வெளியே காரிலிருந்து மெல்லிய இரைச்சல் வருகிறது. கண்ணாடியில் படிந்த பனியெல்லாம் உருகி வழிகிறது. சுருட்டிய வயரைக் கொக்கியில் மாட்டிவிட்டு இவர் திரும்பினார். திருடன் மாட்டிக்கொண்டதுபோல முழித்தார்.

"என்ன பண்றீங்க?" மூன்று வாரத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

"ஹீட்டர் போட்டேன். உன் கை வெறச்சுப் போயிடும்ல."

"எத்தன நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து. நீ பாத்ரூம்ல இருந்து வர்ற சத்தம் கேட்டா அணைச்சுட்டு வந்து படுத்துக்குவேன்."

"சரி, வயர ஏன் கழட்டணும்?"

"நல்லா கேட்ட போ. பிளக்கப் புடுங்காம நான் எந்த மெஷின்ல கை வெச்சிருக்கேன்?"

சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே நின்று அழுதேன். சின்னப் புத்தி என்று எழுதியிருக்கிறேன் மேலே, அடிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும். மெக்கானிக் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். நம்பாமல் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, பாம்பைப் பிடிப்பதுபோல வயரைப் பிடித்துச் சொருகினார். ஒன்றும் ஆகவில்லை. "அட!" என்றார்.

எட்டு சதவீதம் எங்கே போனது என்று மூன்று வாரமாகத் தேடினேன். தினமும் அதன் மேலேயே உட்கார்ந்து, சார்ஜ் ஏறிய சூடு என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

கிளம்பும்போது நூறு. திரும்பும்போது இருபத்தொன்று, ஹீட்டரும் போட்டுக்கொண்டுதான். தையல்காரம்மா கைப்பிடியை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தார். மாடி அறையை அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, என் கையைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்கு மனுசக் கை" என்றார்.

காரைக் கேட்காமல் வாங்கியது பற்றி நானும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. அது எப்போது, எப்படி என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வயரை மாட்டும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ மிச்சம்?"

"இருபத்தொண்ணு."

தலையாட்டினார்.

"நீ எப்பக் கிளம்புவன்னு தெரியாமத்தான் தினம் அஞ்சரைக்கே போட்டுட்டிருந்தேன்" என்றார். "நாளைக்கு எத்தன மணிக்கு?"

ஒன்பதரை என்று சொன்னேன்.