சாம்பிராணி மறைத்த வாடை

என் தங்கையைக் கைப்பிடித்த நாளிலிருந்து என்னைக் கேலி செய்யாமல் ஒரு பொழுதும் இருந்திராத மாப்ள சோலைக்கு,

நீ போன பிறகு இங்கே எதுவும் சரியாக இல்லை. வெள்ளைக்காரன் சண்டையும் முடியவில்லை, பெட்ரோலும் வரவில்லை. நம் பஸ் இன்னும் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அந்தக் கரி கேசில்தான் மதுரைக்கும் திருவாதவூருக்கும் ஓடுகிறது. நான்தான் கண்டக்டர். உன் இடத்தில் இப்போது கருப்பையா வண்டி ஓட்டுகிறான்.

உன் மூக்கை நினைக்காமல் ஒரு டிரிப் போவதில்லை. தேங்காய் நார் கருகுகிற வாடை என்றால் பிரேக், ரப்பர் தீய்கிற வாடை என்றால் ஃபேன் பெல்ட் என்று வண்டியை நிறுத்தாமலே சொல்வாய். எனக்கு எல்லாம் ஒரே புகைதான். "வெத்தலை வாடையைத் தவிர ஒங்க மூக்குக்கு வேற என்ன தெரியும் மச்சான்?" என்பாய். ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொன்னாய். "கரி கேசுக்கு வாடையே கெடையாது. கூடக் கசியிற புகைதேன் காட்டிக் குடுக்கும். அது உள்ள அடிச்சா ஆளுகளை எறக்கிட்டுத்தேன் மறுவேலை."

அப்படிப்பட்ட உனக்கு அன்றைக்குப் பார்த்துச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தது. திருவாதவூரில் மத்தியான மழை. அடுப்பை அணைத்தால் மறுபடி பற்றவைக்க நேரமாகும் என்று கனலை அப்படியே விட்டு, ஜன்னல் படுதாக்களை இறக்கிக்கொண்டு பின்சீட்டில் படுத்தாய். மழை விட்டதும் காப்பிக் கடையிலிருந்து வந்து எழுப்பினேன். நீ எழவில்லை. உதடு சிவந்து, தூங்குகிறவனைப் போலத்தான் கிடந்தாய். ஒரு படுதாவையாவது தூக்கி வைத்திருக்கக் கூடாதா, மாப்ள?

அந்தச் சிவப்பைப் பார்த்து, பேய் அறைந்துவிட்டது என்றது ஊர். கொஞ்ச நாளில் நீயே பேயாகிவிட்டாய். உன்னை விரட்ட, கருப்பையா தினமும் படுதாக்களை இறக்கிவிட்டுச் சாம்பிராணி போட்டான். வழியெல்லாம் பின்சீட்டுப் பக்கம் தூபக்கால் புகைந்துகொண்டே வரும். பின்னால் உட்கார்ந்தவர்கள் தலைவலி என்றார்கள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி மயங்கிச் சாய்ந்தாள். "சோலையண்ணன் வேலைதேன்" என்று இன்னும் கொஞ்சம் சாம்பிராணியை அள்ளிப் போட்டான். கேஸ் கசிகிறது என்று நான் கத்தினேன். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். "வாடை எதுவும் வருதாய்யா?" என்று கேட்டார். அந்தச் சாம்பிராணியைத் தாண்டி எந்த வாடை வரும்?

வீட்டில் தங்கச்சி பேச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு வந்து நின்றாள். தாலியறுத்தவள் எதிரே வருகிறாளே என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். உன் பெண்டாட்டி யாரையும் பார்க்கவில்லை. ஏறினாள், தூபக்காலை எடுத்து ரோட்டில் கொட்டினாள், பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"பேயா இருந்தாலும் எம் புருசன்தேன். அவரை வெரட்ட நீங்க யாரு? நான் பக்கத்துல இருக்கேன். படுதாவைத் தூக்கிட்டு வண்டிய எடுங்க."

ஊர் எல்லையைத் தாண்டவில்லை, தொண்டையைக் கீறுகிற புகை வாடை. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள். எல்லாரையும் இறக்கிவிட்டுப் பின்சீட்டைப் பெயர்த்தோம். அடுப்பிலிருந்து வரும் குழாய் மூட்டில் வெடித்திருந்தது. நீ தலை வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே. கருப்பையா ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான்.

குழாயை மாற்றியாயிற்று. இப்போது யாருக்கும் தலைவலி இல்லை, உன்னைப் பேய் என்று யாரும் சொல்வதும் இல்லை. பேச்சிக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நேற்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பேயாவாச்சும் இருந்தாருல்லண்ணே. இப்ப அதுவும் இல்ல."

எம்புட்டு மழை அடித்தாலும் நம் வண்டியில் இனி எல்லாப் படுதாவையும் இறக்க விடமாட்டேன். அவளையும் தனியாக விடமாட்டேன். இது சத்தியம், மாப்ள.

உன் பேச்சிக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
முத்து