புரொப்பெல்லருக்குப் போட்ட மாலை

அத்தான்,

நீங்கள் வாங்கிய பழைய படகு தயாராகிவிட்டது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது. கேட்டபடி தண்ணீர் இறைக்கும் பம்பையும் புதிதாக மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் கியர் ஆயில் தே தாரேக் மாதிரி பால் டீ நிறத்துக்கு மாறியதும், பத்து மாவுங் ஊர்ப் படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால், "மச்சான்னு நம்பி வேலைய கொடுத்தேன், பழைய ஆயில ஊத்திட்டான்லா" என்றீர்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று புரொப்பெல்லரைக் கழற்றினேன். தண்டில் நைலான் நூல் இறுகச் சுற்றிக் கிடந்தது. அது ரப்பர் சீல் வளையத்தை அறுத்து, ஆயிலுக்குள் கடல் தண்ணீரை விட்டிருக்கிறது. நூலில் ஒரு செவ்வந்திக் காம்பு இன்னும் ஒட்டியிருந்தது.

படகுக்குப் பூசை போட்ட அன்று, "மாலைய ஸ்டீயரிங்ல போடுங்க அத்தான், புரொப்பெல்லர்ல வேணாம்" என்றேன். "சாமி காரியத்துல நீ வாய வைக்காதலா" என்றீர்கள். மாலையோடுதான் படகைக் கடலில் இறக்கினீர்கள். நானாவது அதைக் கழற்றியிருக்கலாம். சாமிக்குப் பயந்தேனா, உங்களுக்குப் பயந்தேனா தெரியவில்லை, விட்டுவிட்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

சீல் வளையத்தை மாற்றிவிட்டேன். ஊற்றியது புது ஆயில். காலி டப்பாவை உங்கள் இருக்கையிலேயே வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு வரமாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது என்று அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாவியை அந்த நூலிலேயே கட்டி, ஸ்டீயரிங்கில் மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி