ஸ்குவாஷ் பாட்டிலில் சுண்ணாம்புத் தண்ணீர்

டிச. 9, செவ்வாய்
காலையிலிருந்து பனி. துணி காயவில்லை. என் வீட்டுக்காரருடைய மீன் தொட்டியில் இன்னும் ஒரு மீன் செத்து மிதந்தது. மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து போதாதாம். சேலத்து மீன்கடைக்காரர் சொன்னபடி சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். அதை வைத்திருப்பது ஸ்குவாஷ் பாட்டிலில். பார்த்தால் பச்சைத் தண்ணீர். குடித்தால் வாய், தொண்டை வெந்துவிடும்.

காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் காலையில் என் துவைகல்லில் வரிசையாக வைத்துப் போவதும் ஸ்குவாஷ் பாட்டில்கள்தான். நான் தண்ணீர் ஊற்றி வைப்பேன். அப்புறம் அவர்களில் பொன்னி வந்து எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போவாள். அவர் பாட்டிலும் அதில் கலந்துவிட்டால்?

"லேபிள் ஒட்டியிருக்கேன்ல? நொம்பத்தான் பயப்படறே" என்கிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எழுதி ஒட்டினால் தீர்ந்தது அவருக்கு. அந்தப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் யார்?

டிச. 10, புதன்
அவர் ஆபீஸ் போனதும் அலுமினியத் தூக்குக்கு மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று சத்தம். திறந்தால் உள்ளெல்லாம் கறுத்து, குமிழ் குமிழாக. பயந்துபோய்க் கொல்லையில் கொட்டினேன்.

"அலுமினியத்த அரிச்சுரும். கெட்டி பிளாஸ்டிக் கேன்தான் சரி. சனிக்கிழமை வாங்கியாறேன்" என்றார் சாயங்காலம். அதுவரை? புதிதாகக் கலந்து மறுபடி அதே பாட்டில். மூடியின் புரியில் வெள்ளைப் பொருக்கு கல்லாகிக் கிடக்கிறது. ஒழுங்காக மூடாது, சுரண்டுங்க என்றேன். நாளைக்காம்.

வாங்க: சீயக்காய், ஸ்டவ் திரி, கேன். கேன்.

டிச. 12, வெள்ளி
எழுத வரவில்லை.

பொன்னி வந்து பாட்டில்களை அள்ளிப் போனாள். பிறகுதான் பார்த்தேன், தொட்டிக்குப் பக்கத்தில் அவர் பாட்டில் இல்லை. துவைகல்லில் நனைந்த லேபிள் மட்டும். காலையில் பாட்டிலை அங்கே மேலாகக் கழுவி, அங்கேயே வைத்துவிட்டு ஆபீஸ் போயிருக்கிறார்.

செருப்புக்கூடப் போடாமல் சரிவில் ஓடினேன். சில்வர் ஓக் மரத்தடியில் பொன்னி, மடியில் குழந்தை, கையில் பாட்டில்.

"ஏனுங்கம்மா, இந்த மூடி என்ன இப்படிப் புடிச்சுக்கிச்சு? எத்தன முறுக்கியும் வரலீங்க. சாமி தண்ணிக்கு அழுவுது. கல்லுல தட்டி ஒடைக்கலாமுன்னு இருந்தேன்."

பிடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. மூடியை நேற்றும் சுரண்டவில்லையாம், மறந்துவிட்டாராம். சுரண்டச் சொல்லி நச்சரித்தது நான். என் பேச்சைக் கேட்டுச் சுரண்டியிருந்தால் மூடி சுலபமாகத் திறந்திருக்கும்.