விளம்பரத்தில் என் பல்

அம்மாவுக்கு எவுலாலியா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

ஆங்கில வகுப்பில் ஒரு வேடிக்கை. டீச்சர் பிரெண்டா ஒரு பல் மருத்துவமனை விளம்பரத்தைக் காட்டி, இது உங்களை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்டார். சிகிச்சைக்கு முந்தைய படத்தில் சொத்தைப் பல்லோடு இருந்தது நான்தான். அந்த மருத்துவமனையில் இலவசமாகப் பல் பிடுங்கிய அன்று எடுத்தது. பிந்தைய படத்தில் வேறு யாரோ.

"இந்த மூஞ்சி என்னை வாந்தி எடுக்க வைக்குது," என்றான் ரெஜினால்டோ. வகுப்பே சிரித்தது.

"டேய், இது நம்ம எவுலாலியாக்காடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

நான் எழுந்து, "படம் எடுக்க அவங்கதான் என்னைச் சிரிக்க வெச்சாங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அருமை! ஆனா 'மேட் மீ'க்கும் 'ஸ்மைல்'க்கும் நடுவுல 'டு' வராதும்மா," என்று திருத்திய டீச்சர், அதை எல்லோரையும் மூன்று முறை சேர்ந்து சொல்ல வைத்தார்.

பல்வலிக்குக் கொஞ்சம் கிராம்பு அனுப்புங்கள். வகுப்பில் காட்ட, அக்கா கல்யாணத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தையும். பஸ் வந்துவிட்டது அம்மா.