ஸ்டெப்னியும் சேர்த்து

ஜூன் 11, செவ்வாய்

எலெக்ட்ரானிக் சிட்டி ஹாஸ்டல்களில் பன் ட்ரேக்களை இறக்கிவிட்டு, திரும்பும்போது வேண்டுமென்றே ஒயிட்ஃபீல்ட் சுற்றிக்கொண்டு மர்பி டவுன் வீட்டுக்கு வந்தேன். காலி வண்டி, டீசல் தண்டம். ஆனால் கிலோமீட்டர் ஏற வேண்டுமே! பத்தாயிரத்துக்கு ஒரு தடவை பிக்கப்பின் டயர்களை இடம் மாற்ற வேண்டும். அதற்கு மட்டும்தான் ஓஸ்வால்ட் வருவார்.

புருஷன் என்று எழுதக் கை வரவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்ததும் சொந்த ஊரான கே.ஜி.எஃப். போனவர், அந்தம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியும் அங்கேயே ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். சண்டை கிண்டை எதுவும் இல்லை. வாங்க என்று நான் சொல்லவில்லை, வர்றேன் என்று அவரும் சொல்லவில்லை. அப்படியே நின்றுபோச்சு.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்து எனக்கு மட்டும் சமைத்தேன். எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் ரசம் ரெண்டு பேருக்கு வந்துவிடுகிறது.

ஜூன் 20, வியாழன்

பக்கத்து வீட்டு சாந்தகுமாரி கண்டுபிடித்துவிட்டாள். "ஏண்டி கேரல், ஹொஸ்கோட்டே பக்கம் உன் வண்டிய எங்க அண்ணன் பாத்துச்சாமே? அங்க என்னடி உனக்கு லோடு? உன் வண்டி டீசல்ல ஓடல, ஓஸ்வால்ட்ல ஓடுது!"

சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினதும் அழுகை வந்தது.

ஜூலை 2, செவ்வாய்

நாலு டயரை மட்டும் மாற்றினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வண்டி அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்தால் இழுக்கும் — அவர் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் போன தடவை, "ஸ்டெப்னி சும்மாவே கெடந்து வெடிப்பு விட்டுடும், அதையும் சுத்துல விடுங்க" என்றேன். "ஆமா, அஞ்சும் ஒண்ணா தேயணும்" என்றார்.

முன் டயர்கள் ஓரத்தில் நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். பைத்தியமா நான்?

ஜூலை 9, செவ்வாய்

பத்தாயிரம்! உடனே ஃபோன் போட்டேன். "டயர் டைம் வந்துடுச்சு" என்றேன். வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

"கடையில குடுத்துடேன், கேரல். உன் ஞாயித்துக்கிழமைய எதுக்கு நான் வந்து வீணாக்கணும்?"

சரி என்று வைத்துவிட்டேன். வீணாம்! என் ஞாயிற்றுக்கிழமையில் என்ன கொட்டிக் கிடக்குதாம்? மடையன். நான் மட்டும் என்ன, வாயில் கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஜூலை 10, புதன்

இன்று என்னிடம் பேசிய ஒரே ஆள் ஹாஸ்டல் வாட்ச்மேன். "ஊட்டா ஆயித்தா, அக்கா?" ஆயித்து, சாப்பிட்டாச்சு என்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கடையில் கொடுக்கவில்லை. போங்கடா என்று நானே ஜாக்கை எடுத்தேன். அவர் செய்யும் வரிசை ஞாபகம் இருந்தது. முதலில் ஸ்டெப்னியை இறக்கினேன். பின் வலதைக் கழற்றிவிட்டு அங்கே ஸ்டெப்னியை மாட்டினேன். கழற்றினது முன் வலதுக்குப் போனது. அங்கே இருந்தது பின் இடதுக்கு, பின் இடதில் இருந்தது முன் இடதுக்கு. கடைசியாக முன் இடதில் இருந்தது அடியில் ஸ்டெப்னியாகத் தொங்கியது. ஒரே ஜாக், ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். நட்டுகளை ஒரு பன் ட்ரேயில் போட்டு வைத்தேன். ஒன்றுகூட உருளவில்லை.

கடைசி நட்டை முறுக்கும்போதுதான் உறைத்தது. இது ஒரு ஆள் வேலை. ரெண்டாவது ஆளுக்கு இதில் வேலையே கிடையாது! அப்புறம் ஒவ்வொரு தடவையும், "கேரல், இந்த நட்டுங்கள கையில வச்சுக்கிட்டு பக்கத்துலயே நில்லு, உருண்டு போயிடும்" என்று என்னை ஏன் வெயிலில் நிறுத்தி வைத்தார்? ஒரு தட்டில் போட்டால் போதாதா? இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு அது தெரியாதா?

கை முழுக்கக் கரி. கழுவக்கூட இல்லை, ஃபோன் போட்டேன்.

"டயரெல்லாம் நானே மாத்திட்டேன். ஸ்டெப்னியும் சேத்து. இங்க உங்களுக்கு இப்ப ஒரு வேலையும் இல்ல. வர்றீங்களா?"

கரிக் கையோடு ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"மீன் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்.