போடாத மெஷினின் சத்தம்

அக்கா,

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. நீலத் தார்ப்பாயைப் பாதி விலக்கிவிட்டு எடுத்த படம். ஓர் இரும்பு மேசை, அதன் நடுவில் பாதி மேலே தெரியும், மரம் அறுக்கிற வட்டப் பிளேடு, பின்னால் ஏலச்செடிகள். "பழைய டேபிள் சா விற்பனைக்கு. போடிமெட்டுக்கு மேலே. நேரில் வந்து பார்க்கவும்" என்று கீழே ஒரு வரி. ஆசிரியர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் என் பத்து விரல்களும் தாமாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அடுத்த நொடி உங்கள் குரல் கேட்டது. "ஏ கணக்கு, கெளம்பு."

நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்போம். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் எனக்குக் கிளம்ப ஒன்பது நாள் ஆயிற்று.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் விளையாட்டு டீச்சர், நான் கணக்கு டீச்சர். பதினோரு வருஷம் வணக்கம் சொல்லிக்கொண்டதோடு சரி. நம்மைச் சேர்த்துவைத்தவர் ஒரு தச்சு ஆசாரி. என் குளியலறைக் கதவையும், விளையாட்டு விழாவுக்கு நீங்கள் கேட்ட பரிசு மேடையையும் அவரிடம்தான் சொல்லியிருந்தோம். "நாளைக்குக் காலைல மொத சோலி உங்களுதுதான்" என்று இரண்டு பேரிடமும் அவர் மாசக்கணக்கில் சொல்லி வந்தது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தெரியவந்தது. நீங்கள் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனீர்கள். மணி அடிப்பதற்குள் கடைத்தெருவிலிருந்து ஒரு கைரம்பத்தோடு திரும்பி வந்தீர்கள். தாளில் சுற்றக்கூட இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் வாசல் வழியாக நடந்து வந்ததைப் பார்த்து எட்டாம் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது.

பரிசு மேடைக்கு நான் கட்டத்தாளில் அளவு போட்டு வரைந்தேன். நீங்கள் அறுத்தீர்கள். தாளை நீங்கள் தலைகீழாகப் பிடித்தீர்கள் என்று நானும், நான்தான் தலைகீழாக வரைந்தேன் என்று நீங்களும் கடைசிவரை சாதித்தோம். எப்படியோ, இரண்டாம் இடத்துக்கான பெட்டி முதல் இடத்தைவிட மூன்று விரற்கடை உயரமாக வந்துவிட்டது. விழாவன்று காலையில்தான் அதைக் கவனித்தோம். நீங்கள் பெயிண்டை எடுத்து நடுப்பெட்டியில் இருந்த எண்ணையும் ஓரப்பெட்டியில் இருந்த எண்ணையும் மாற்றி எழுதினீர்கள். "நடுவுலதான் மொத எடம் இருக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டீர்கள்.

சிறப்பு விருந்தினருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருந்தது. எண்ணைப் பார்க்காமல் நடுவில் நின்ற பெண்ணுக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டார். நிஜமாகவே முதலில் ஓடி வந்த பெண் எல்லாரையும்விட உயரத்தில் நின்று அழுதாள். நீங்கள் விசிலை எடுத்து ஊதி, "திரும்பவும்" என்றீர்கள். அவர் பயந்துபோய், நடுவில் நின்றவள் கழுத்துப் பதக்கத்தை மட்டுமல்ல, தன் கழுத்தில் நாம் போட்ட மாலையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாம் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைதான் நம் பட்டறை. நீங்கள் அறுப்பீர்கள். பலகை ஆடாமல் இருக்க அதன் மறுமுனையில் நான் உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் வேலை. ஒரு ஸ்டூலுக்கு நாலு ஞாயிறு ஆகும். ஆசாரி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், நான் பலகைமேல் உட்கார்ந்திருப்பதைக் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே என் குளியலறைக்குக் கதவு வந்துவிட்டது.

உங்களுக்குத் தோள்வலி தொடங்கியபோதுதான் மெஷின் பேச்சு வந்தது. ராசிங்காபுரத்தில் கட்டில், பீரோ செய்கிற ஒருவர் பழைய மெஷினைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். காலை வணக்கத்தில் நகம் பார்ப்பதுபோல முதலில் அவர் கையைத்தான் பார்த்தீர்கள்.

"தம்பி, ரெண்டு கையவும் நீட்டு."

நீட்டினார். ஒரு விரலில் நுனி இல்லை.

"இது இந்த மெஷின்ல போகலக்கா. இதுக்கு முந்தி வச்சிருந்த மெஷின்ல போனது."

நீங்கள் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, இது மேல ஒரு குத்தமும் இல்ல" என்றீர்கள்.

ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று, எங்கேயோ படித்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன். "வேணாங்க்கா. பேரிங் சத்தம் சரியில்ல."

அந்த மனிதர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "மெஷின நான் இன்னும் போடவே இல்லையே டீச்சர்."

திரும்பும்போது பஸ்சில் சிலமலை வந்ததும் ஜன்னலைப் பார்த்தபடியே, "போடாத மெஷினு சத்தமே ஒனக்குக் கேக்குது. நல்ல காதுத்தா" என்றீர்கள். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப்பின் மெஷின் என்ற வார்த்தையை நீங்கள் எடுக்கவே இல்லை. அடுத்த மார்கழியில் ஒரு காலை மைதானத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. உங்கள் மகன் போனில் சொன்னபோது நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? அறுக்கவில்லை. மெஷினைப் பற்றிப் படித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். பலகை ஏன் திரும்பி எகிறும், பிளேடுக்கு நேரே ஏன் நிற்கக்கூடாது, கையால் தள்ளாமல் குச்சியால் ஏன் தள்ள வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். சொந்தமாக மெஷின் இல்லாதவர்களில் என் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் தேனி மாவட்டத்திலேயே இருக்கமாட்டார்.

மலைக்குக் கிளம்பும்போது பதினாலு கேள்விகளை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாங்கணும்னா வாங்கு. சோத்தப் பிசைய ஒரு கையாச்சும் வேணும், அத மட்டும் பாத்துக்க" என்றார். அவர் சம்மதித்த விதம் அது.

போடிமெட்டில் பஸ்சைவிட்டு இறங்கி, ஒரு ஜீப்பில் ஏலத்தோட்டத்துப் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து போனேன். மெஷின்காரர் பெயர் செல்லப்பாண்டி. நாற்பது வயதிருக்கும். கொஞ்சம் ஏலத்தோட்டம், வருகிறவர்கள் தங்க நாலு அறைகள். பிறந்தது நம் பக்கம், பேச்சில் பாதி மலையாளம். நான் முதலில் அவர் கையைப் பார்த்தேன். பத்தும் இருந்தது. நகம்கூட அழகாக வெட்டியிருந்தது.

மெஷினைத் தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி, அதன்மேல் இரண்டு கல்லும் வைத்திருந்தார். நாய்க்குக்கூட அப்படிக் கட்டுப் போடமாட்டார்கள். அவிழ்த்துப் பார்த்தால் புதுப் பிளேடு. பிளேடுமேல் வருகிற மூடி, பலகையை ஒட்டி நகர்த்துகிற கைடு, தள்ளுகிற குச்சி எல்லாம் அப்படியே இருந்தன. மேசையில் ஒரு கீறல் இல்லை.

என் நோட்டில் முதல் கேள்வி, ஏன் விற்கிறீர்கள் என்பது. கேட்டேன். அவர் வீட்டுப்பக்கம் திரும்பி, மனைவி இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பேடி, சேச்சி."

பயத்துக்கு மலைமேல் அந்தச் சொல். அறைகளுக்குத் தானே கட்டில் செய்யலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினாராம். ஒரே ஒருமுறை சுவிட்சைப் போட்டாராம். "போட்டதும் ஒரு சத்தம் சேச்சி. நான் இங்கெருந்து ஓடி அந்தா அந்தக் காப்பிச் செடிகிட்டப் போய்த்தான் நின்னேன். அணைக்கக்கூட வரல. கரண்டு போனப்பெறகு வந்து வயரப் பிடுங்கினேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. அவர் நின்ற காப்பிச் செடிக்கு அருகிலேயே எனக்கும் ஓர் இடம் இருப்பதுபோல் இருந்தது. மீதிப் பதிமூன்று கேள்விகளையும் கேட்காமல் நோட்டைப் பையில் வைத்தேன். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். வளையலைக் கழற்றினேன். "ஒரு பலகை கொண்டாங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். சத்தம் என்றால் சத்தம். கால் இரண்டும் காப்பிச் செடியை நினைத்தன. ஆனால் பேரிங் நன்றாகத்தான் இருந்தது. பலகையைக் கைடோடு ஒட்டிவைத்துக் குச்சியால் தள்ளினேன். நாலு நொடி. பலகை இரண்டாகக் கிடந்தது.

அதன்பிறகு அவரை நிற்கவைத்தேன். எங்கே கால், எங்கே கை என்று காட்டினேன். தள்ளத் தொடங்கியவர் பிளேடையே பார்த்து உறைந்துபோனார். நீளம் தாண்டுகிற பிள்ளைகளிடம் நீங்கள் மைதானத்து மறுகோடி வரை கேட்கும்படி கத்துவீர்களே, "காலப் பாக்காத, மணலப் பாரு" என்று, அதே தொண்டையில் நான் கத்தினேன். "பிளேடப் பாக்காதீங்க, கைடப் பாருங்க." அவர் மனைவி உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். பலகை நேராக அறுபட்டது. செல்லப்பாண்டி இன்னொன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. அவர் மனைவி பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து, அது ஆறி, மறுபடி சூடாக்கிக் கொண்டுவரும்வரை அவர் நிறுத்தவில்லை. கடைசியில் மெஷினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையெல்லாம் மரத்தூள்.

"சேச்சி, தப்பா நெனைக்காதீங்க. இப்பப் பேடி போயிருச்சு. நான் விக்கல."

வாங்கப் போன மெஷினை, விற்கிறவருக்கே நல்லதென்று எடுத்துச் சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல யாவாரம்" என்றார்.

மலையிறங்கும் பஸ்சில் வளைவுக்கு வளைவு எனக்கு அந்த நாலு நொடிதான் நினைவில் ஓடியது. ராசிங்காபுரத்து மெஷின் நல்ல மெஷின்தான் அக்கா. அன்று விரலுக்குப் பயந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விரலுக்கும் பயந்தேன், உண்மைதான். ஆனால் மெஷின் வந்துவிட்டால் ஸ்டூல் அரை மணியில் முடிந்துவிடும். பலகையின் மறுமுனையில் யாரும் உட்கார வேண்டியதில்லை. உங்கள் தோள்வலிக்கு மேலே என் ஞாயிற்றுக்கிழமையை வைத்துவிட்டேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் நீங்கள் திட்டிவிட்டு, மெஷினையும் வாங்கி, அதன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் போட்டிருப்பீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று செல்லப்பாண்டி போன் செய்தார். முதல் கட்டில் முடிந்துவிட்டதாம், ஆடவில்லையாம். "நான் அறுக்கும்போதெல்லாம் எம் பொஞ்சாதி பக்கத்துல நின்னு உங்களக் கணக்காவே கத்துறா சேச்சி" என்றார். அது என் கத்தல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கென்று வேறு சத்தம் கிடைக்கிறவரை அதை நானே வைத்துக்கொள்கிறேன், அக்கா.