சந்தனச்செல்வியின் இரண்டாவது கயிறு

என்னங்க,

போனை எடுக்காத ஆளுக்கு எழுதத்தானே வேண்டியிருக்கிறது. ஓட்டப்பிடாரத்தில் உங்கள் அக்கா நேரத்துக்குச் சோறு போடுவார்கள், அந்தக் கவலை எனக்கில்லை.

நம் சந்தனச்செல்வியின் பள்ளிக்கு இன்ஜினியர்கள் வந்து, ஐஸ் குச்சியில் கிரேன் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். "எம்புள்ள கிரேன் பக்கமே போகக் கூடாது" என்று நீங்கள் கத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனது ஞாபகமிருக்கிறது. இருந்தாலும் நான்தான் சேர்த்துவிட்டேன்.

போட்டியில் மற்றவர்களுடைய கிரேன் முழுச் செங்கல்லைத் தூக்கியது. இவளுடையது அரைக்கல்லுக்கே திணறியது. "ஏம்மா இவ்வளவு கம்மியாத் தூக்குது?" என்று ஒரு இன்ஜினியர் கேட்டார். இவள் கத்தரியை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டாள். கல் கொஞ்சம் இறங்கி, இன்னொரு கயிற்றில் நின்றது.

"இந்த ரெண்டாவது கயித்துக்கே பாதி பலம் போயிருது சார். ஆனா கீழ ஆளு நிப்பாவல்லா" என்றாள்.

கிரேன் ரோப் அறுந்துதான் உங்கள் கால் போனது என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. நீங்கள் சொன்னீர்களா?

அடுத்த பயிற்சிக்குச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அப்பா சொன்னாத்தான் போவேன்" என்கிறாள். கிரேனை உங்கள் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். நீங்கள் வந்து படுக்கும்போதுதான் எடுப்பாளாம்.

கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி